முப்பத்தெட்டுக்கு ப்ரெசென்ட்

போன் அடிக்கட்டும் அண்ணாச்சி, நான் எடுக்கப் போறதில்ல. சத்தம் தொந்தரவா இருந்தா சொல்லுங்க, குறைச்சு வச்சுக்கிடுறேன். ஒரேயடியா அணைச்சுப் போடலாம்தான். அணைச்சுட்டா அவன் கூப்பிடுறது எனக்கு எப்படித் தெரியும்? அவன் கூப்பிடணும், நான் எடுக்காம இருக்கணும், அது அவனுக்குத் தெரியணும்.

யாரா? எங்கூடப் படிச்சவன். பேரு பச்சைமால். இப்பத்தான் அவனைப் பாத்துட்டு வாறேன். பாத்துட்டுன்னா, மைக்கைப் பிடிச்சு, அத்தனை பேருக்கு முன்னால கிழிச்சுத் தொங்கவிட்டுட்டு வாறேன். இருபத்தஞ்சு வருஷமா வயித்துக்குள்ள கெடந்தது. இன்னைக்கு எறக்கி வச்சாச்சு. அதனாலதான் முகம் இப்படித் தெளிவா இருக்கு. என்ன, அப்படித் தெரியலையா? வெயில் அண்ணாச்சி. காலேஜ் வாசல்லருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்தேன், நிழலே கிடையாது.

மடியில வச்சிருக்கிறது காலேஜ் பைதானே? அட்மிஷன் போட்டா குடுப்பாங்களே. மகளுக்கா? இஞ்சினியரிங்கா? நல்லது, படிக்கட்டும். ஆனா ஒண்ணு சொல்லிவிடுங்க. பாடமெல்லாம் எப்படியும் வந்துரும். ரோல் நம்பர்ல பக்கத்துல யாரு வாறாங்கன்னு பாத்துக்கிடச் சொல்லுங்க. அங்க கூட்டாளியை நாம தேடிப் பிடிக்கிறதில்ல. இங்கிலீஷ் எழுத்து வரிசை பிடிச்சுக் குடுக்கும். அவன் பச்சைமால், முப்பத்தேழு. நான் பலவேசம், முப்பத்தெட்டு. லேப்ல ஒரே பேட்ச். வைவாவுக்கு அவன் வெளிய வந்தா நான் உள்ள போகணும். பரீட்சை ஹால்ல அவன் முதுகைப் பாத்துக்கிட்டுத்தான் எழுதணும். ஹாஸ்டல்லயும் நம்பர் பாத்துத்தான் ரூம் போட்டாங்க. நாலு வருஷம் ஒரே ரூம். எம் பொண்டாட்டி கூட இன்னும் என்னை அவ்வளவு பாத்திருக்க மாட்டா.

ஈத்தாமொழிக்காரன், நாகர்கோவில் பக்கம். எதுக்கெடுத்தாலும் 'லேய் மக்கா'ன்னுதான் ஆரம்பிப்பான். அவுங்க அம்மை நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு பாட்டில்ல போட்டுக் குடுத்து விடுவாங்க. அவனுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. என் பாட்டில்ல காரம் கம்மியா இருக்கும், எனக்கு வயிறு ஒத்துக்காதுன்னு. இதை எதுக்குச் சொல்றேன்னா, ஒரு மனுசன் நம்மளை எப்படியெல்லாம் நம்ப வைப்பான்னு நீங்க தெரிஞ்சுக்கிடணும்.

எனக்குக் காலையில எந்திரிக்க வராது. இன்னைக்கும் வராது, அது உடம்பு வாகு. அதனால அவன் எனக்கு ப்ராக்சி குடுப்பான். தெரியுமா ப்ராக்சி? இப்பல்லாம் கைரேகை வைக்கணுமாம். அப்ப வாய்தான். சார் நம்பரைக் கூப்பிடுவாரு, வந்தவன் ப்ரெசென்ட் சொல்லணும். வராதவனுக்கு வந்தவன் குரலை மாத்திச் சொல்லுவான். பச்சைமால் அவன் நம்பருக்கு அடித்தொண்டையில 'ப்ரெசென்ட் சார்'னுவான். என் நம்பருக்கு மூக்கால, மெல்லிசா, 'எஸ் சார்'. என் குரல் அப்படித்தான் இருக்குமாம். இவ்வளவு நேரம் கேட்டுக்கிட்டு வாறீங்க, என் குரல் மூக்குலருந்தா வருது?

இதை நான் பெருசா எடுத்துக்கிடல. ரூம்மேட்னா செய்யணும், அதுக்குத்தானே ரூம்மேட்டு. மூணாவது வருஷத்துல அது எப்படி ஆயிப்போச்சுன்னா, நானே கிளாஸ்ல அவன் பக்கத்துல உக்காந்திருக்கேன், சார் முப்பத்தெட்டுங்கிறாரு, நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள அவன் மூக்கால 'எஸ் சார்'ங்கிறான். பழக்கதோஷம். முழங்கையால ஒரு இடி இடிச்சேன்.

ஜெபமணி சார்னு ஒருத்தரு. ஹீட் ட்ரான்ஸ்ஃபர் எடுத்தாரு, எங்க கிளாஸ் அட்வைசரும் அவருதான். அட்டென்டன்ஸ் எடுக்கும்போது தலையே தூக்க மாட்டாரு, குனிஞ்சபடியே கூப்பிட்டுட்டுப் போவாரு. ப்ராக்சிக்குன்னே செஞ்சு வச்ச மாதிரி ஆளு. கடைசி வருஷம் ஒரு நாள் என்னமோ தோணி முப்பத்தெட்டுல தலையைத் தூக்கிட்டாரு. 'அட, பலவேசமா? நிஜமாவே வந்திருக்கானா? யாராவது தொட்டுப் பாத்துச் சொல்லுங்கப்பா'ன்னாரு. கிளாஸே சிரிச்சுது. பொம்பளப் பிள்ளைகளும் சிரிச்சுதுங்க. பின்னாலருந்த ஒருத்தன் நிஜமாவே என் தோளைத் தொட்டுப் பாத்தான்.

நான் எதையும் மறக்கிற ஆளு இல்ல அண்ணாச்சி. சிரிச்ச வாயை வச்சே அந்த மனுசனை அழ வைக்கணும்னு முடிவு பண்ணேன். மாஸ் பங்க். மொத்தக் கிளாஸும் ஒரே நாள் கட் அடிக்கிறது. சார் காலி பெஞ்சுக்குப் பாடம் எடுக்கணும். ஒவ்வொரு ரூமாப் போயிப் பேசினேன். ஹாஸ்டல் மாடியில எல்லாரையும் கூட்டி, ஸ்டீம் டேபிள் மேல கை வச்சுச் சத்தியம் வாங்கினேன். ஸ்டீம் டேபிள்னா நீராவிக் கணக்குக்கு எண்ணெல்லாம் போட்ட புத்தகம், பரீட்சைக்கே உள்ள கொண்டு போக விடுவாங்க. எங்களுக்கு அதைவிடப் பெரிய சாமி கிடையாது. பச்சைமாலும் கை வச்சான். வைக்கும்போது என்னையே பாத்தான். எனக்கு அப்பவே பொறி தட்டியிருக்கணும்.

ஏன்னா அந்த வாரம் பாத்து ஆபீஸ்ல அட்டென்டன்ஸ் சதவீதம் ஒட்டிட்டாங்க. எழுபத்தஞ்சு இருந்தாத்தான் பரீட்சை எழுத ஹால் டிக்கெட். நான் விளிம்புல நிக்கிறேன். இன்னும் ஒரு நாள் போச்சுன்னா அவ்வளவுதான். ஓசூர்ல ஒரு கம்பெனி கேம்பஸ்ல வந்து எனக்கு வேலைக்கு ஆர்டர் குடுத்துட்டுப் போயிருந்துது, அவனுக்கும்தான் குடுத்திருந்துது. பரீட்சை எழுதினாத்தானே வேலை? அதுக்கு அவன் என் பின்னாலயே சுத்துறான். 'லேய் மக்கா, பங்கை அடுத்த மாசத்துக்கு மாத்துலே. இல்லைன்னா நீ மட்டுமாவது போயி உக்காருலே. உனக்கு ஒரு நாளுதாம்லே பாக்கி.' நான் தலைவன் அண்ணாச்சி. நானே போயி உக்காந்தா ஊரு என்ன சொல்லும்? எல்லாருக்கும்தான் ஆப்சென்ட் விழப்போகுது, அப்புறம் பேசிச் சரிக்கட்டிக்கிடலாம்னு இருந்தேன். அவன்கிட்டயும் அதைத்தான் சொன்னேன். வாயை மூடிக்கிட்டு நாளைக்கு சினிமாவுக்கு வான்னேன்.

வரல. வயித்த வலிக்குன்னு படுத்துக்கிட்டான். நாங்க மொத்தப் பேரும் மதுரைக்குப் போயிப் படம் பாத்துட்டுச் சாயங்காலம் வந்தா ஹாஸ்டல் வாசல்ல அட்டெண்டர் நிக்காரு. 'முப்பத்தெட்டு யாருப்பா? ஜெபமணி சார் கூப்பிடுறாரு.'

போனா, சார் ரூம்ல இவன் நிக்கிறான். குனிஞ்ச தலை நிமிரல.

நடந்தது என்னன்னா, இவன் சத்தியத்தை மீறிக் கிளாஸுக்குப் போயிருக்கான். மாஸ் பங்க்குன்னா எப்படியும் பயந்தாங்கொள்ளி நாலஞ்சு பேரு உள்ள வந்துரும், அந்தக் கூட்டத்துல சத்தம் குடுத்தா தெரியாதுன்னு நெனச்சிருப்பான்னு பின்னால ஒருத்தன் எங்கிட்டச் சொன்னான். நெனச்சிருப்பானாம். ஆனா அது நான் நடத்தின பங்க். ஒரு ஈ காக்கா உள்ள போகல. இவன் ஒருத்தன்தான், அவன் வழக்கமா உக்காருற அதே பெஞ்சுல. சார் எப்பவும்போலக் குனிஞ்சபடி ஒண்ணுலருந்து கூப்பிடுறாரு. பதில் இல்ல. ஆப்சென்ட், ஆப்சென்ட்னு போட்டுக்கிட்டே வாறாரு. முப்பத்தேழு. 'ப்ரெசென்ட் சார்.' முப்பத்தெட்டு. 'எஸ் சார்.'

சார் தலையைத் தூக்கிட்டாரு. அவ்வளவு பெரிய கிளாஸ்ல ஆளு ஒண்ணு, குரல் ரெண்டு.

சிரிக்கிறீங்க. எல்லாரும் சிரிக்கத்தான் செஞ்சாங்க. காலி கிளாஸ்ல உக்காந்து ப்ராக்சி குடுத்தவன் உலகத்துலயே இவன் ஒருத்தனாத்தான் இருப்பான். ஆனா எனக்குச் சிரிப்பு வரல. நான் என்ன கேக்குறேன்னா, இவன் எதுக்குப் போனான்? ஊரே போகாதப்ப நான் மட்டும் வந்தேன் பாருங்க சார்னு நல்ல பேரு வாங்கத்தானே? சரி, போனவன் தன் நம்பரோட நிறுத்திக்கிட வேண்டியதுதானே? என் பேரை எதுக்கு இழுத்தான்? சார் அன்னைக்கே பழைய அட்டென்டன்ஸையெல்லாம் தோண்டிட்டாரு. நான் காய்ச்சல்ல ஊருக்குப் போயிருந்த நாள்லகூட கிளாஸ்ல இருந்திருக்கேன். எல்லாத்தையும் அடிச்சாரு. ஹால் டிக்கெட் இல்ல. ஒரு வருஷம் போச்சு. ஓசூர் ஆர்டரும் போச்சு. எங்கப்பா கம்பெனிக்குப் போட்டுக்கிட்டுப் போக எனக்கு ஷூ வாங்கி வச்சிருந்தாரு. அந்த டப்பாவை அவரு திறக்கவே இல்ல.

அவனுக்கா? அவனையும் சஸ்பெண்ட் பண்ணாங்க. அவனுக்கும் ஒரு வருஷம், அவனுக்கும் ஆர்டர் போச்சு. அது வேற விஷயம் அண்ணாச்சி. செஞ்சவன் அனுபவிச்சான். நான் என்ன செஞ்சேன்?

அடுத்த வருஷம் ஜூனியர் பயலுகளோட உக்காந்து எழுதினோம். மறுபடியும் அவன் முதுகுதான். ஹால் வாசல்ல நின்னு 'லேய் மக்கா'ன்னு வாயெடுப்பான். நான் செவுத்தைப் பாத்துக்கிடுவேன். ஒரு நாள் கருவாட்டுத் தொக்கு பாட்டிலைக் கொண்டாந்து என் டெஸ்க்குல வச்சான். காரம் கம்மிதான், மூடியில அவுங்க அம்மை சுண்ணாம்பால ஒரு பொட்டு வச்சிருப்பாங்க, எதுன்னு தெரியறதுக்கு. அவன் பாக்கப் பாக்கக் கொண்டு போயிக் குப்பைத் தொட்டியில போட்டேன். அந்த மூஞ்சி போன போக்கு இருக்கே. அதை நெனச்சா இப்பவும் எனக்கு ஒரு கிளாஸ் மோர் குடிச்ச மாதிரி இருக்கு.

இருங்க, அடிச்சு ஓயட்டும்.

அதோட விட்டேனா? விடுவேனா? பின்னால எனக்கு ஒரு நூல் மில்லுல மெயின்டனன்ஸ்ல வேலை கெடச்சுது, மளமளன்னு மேல வந்தேன். ஒரு தடவை ஆளு எடுக்கிறோம். ஜி.எம். கூப்பிட்டு, 'பலவேசம், பச்சைமால்னு ஒருத்தன் வந்திருக்கான், உங்க காலேஜ், உங்க செட்டு. வேலை தெரிஞ்சவனா இருக்கான். ஆளு எப்படி?'ன்னாரு. சாமி கண்ணைத் திறந்துட்டாருன்னு நெனச்சேன். 'இல்லாத ஆளை இருக்குன்னு சொல்லி மாட்டி சஸ்பெண்ட் ஆனவன் சார். நீங்களே விசாரிச்சுக்கிடுங்க'ன்னேன். ஒரு வார்த்தை பொய் கிடையாது பாத்துக்கிடுங்க. ஜி.எம். அவனை அனுப்பிட்டாரு. நான் மாடி ஜன்னல்லருந்து பாத்தேன். வாசல் வரைக்கும் போயிட்டு, வாட்ச்மேன்கிட்ட என்னமோ கேட்டான். அப்புறம் நிமிந்து ஆபீஸ் மாடியைப் பாத்தான். நான் ஒளியல. நல்லாப் பாத்துக்கோன்னு நின்னேன்.

அதுக்கப்புறம் துபாய்க்குப் போயிட்டான்னு கேள்வி. அவன் அங்க இருக்கும்போதுதான் அவுங்க அம்மை தவறிப் போனாங்க. லீவு குடுக்கல போலருக்கு, முகத்தைப் பாக்க முடியல அவனால. அதுக்கு நான் என்ன செய்ய? அந்தம்மா மேல எனக்கு ஒண்ணும் கோவம் கிடையாது. சேதி கேட்ட அன்னைக்கு நானும் சாப்பிடலதான்.

இந்த வருஷம் வெள்ளி விழா வச்சாங்க, எங்க செட்டுக்கு. வாட்ஸப் குரூப்பு, ஒரே மாதிரி சட்டை, எல்லாம் உண்டு. குரூப்புல அவன் பேரைப் பாத்ததும் முடிவு பண்ணிட்டேன், இதுதான் இடம்னு. ரெண்டு மாசமா கண்ணாடி முன்னால நின்னு பேசிப் பாத்தேன். எம் பொண்டாட்டி, 'கூடப் படிச்சவங்களைப் பாக்கப் போறதுக்கு இம்புட்டுப் பல்லைக் கடிக்கணுமா'ன்னு கேட்டா. அவளுக்கு என்ன தெரியும்?

வேணும்னேதான் லேட்டாப் போனேன். எல்லாரும் உக்காந்தப்புறம் நான் உள்ள நுழையணும், அவன் என்னைப் பாக்கணும், அவன் மூஞ்சி மாறணும். அப்படி ஒரு கணக்கு. ஆடிட்டோரியம் வாசல்ல நின்னு தலை சீவிக்கிட்டிருக்கேன். உள்ள ஜெபமணி சார் மைக்குல பேசுறாரு. ரிட்டையராகிக் கெழவராயிட்டாரு. யாரோ ஆசைப்பட்டுக் கேட்டிருக்காங்க போல, அட்டென்டன்ஸ் எடுக்க ஆரம்பிச்சுட்டாரு. ஒண்ணு, ரெண்டுன்னு கூப்பிடுறாரு. தலை நரைச்ச பயலுக எல்லாம் ப்ரெசென்ட் சார்னு கத்துறானுக. நான் சீப்பைப் பைக்குள்ள வச்சேன். முப்பத்தேழுன்னாரு. அடித்தொண்டையில 'ப்ரெசென்ட் சார்.' முப்பத்தெட்டுன்னாரு. நான் வாசல்லதான் நிக்கிறேன், வாயைத் திறந்துட்டேன் அண்ணாச்சி.

'எஸ் சார்.'

மூக்கால. மெல்லிசா.

ஹாலே வெடிச்சுச் சிரிக்குது, கை தட்டுது. எனக்கு ஒடம்பெல்லாம் எரியுது. இத்தனை வருஷத்துக்கப்புறமும் என் பேரை வச்சு விளையாடுறான்னா என்ன திமிரு? நேரா மேடைக்குப் போனேன். சார் கையிலருந்து மைக்கை வாங்கினேன். கண்ணாடி முன்னால பேசினதை ஒரு வரி விடாமப் பேசினேன். சத்தியத்தை மீறினவன், நல்ல பேருக்கு அலைஞ்சவன், என் வாழ்க்கையையே கெடுத்தவன், எங்கப்பா வாங்கின ஷூவைக் கால்ல போடவிடாமப் பண்ணவன், இவனைத்தான் நீங்க பக்கத்துல உக்கார வச்சிருக்கீங்கன்னேன். சிரிப்பு நின்னு போச்சு. அவன் எந்திரிச்சு நிக்கிறான், கையைக் கட்டிக்கிட்டு, அன்னைக்கு சார் ரூம்ல நின்ன மாதிரியே. மறுத்து ஒரு வார்த்தை பேசல. ஜெயிச்சுட்டேன்னு நெனச்சேன். ஜெயிச்சுட்டேன்தான்.

அந்தக் கெழவரு சும்மா இருந்திருக்கலாம். மைக் இல்லாமலே பேச ஆரம்பிச்சுட்டாரு. 'பலவேசம், உங்கிட்ட இவன் சொல்லவே இல்லையா?'ன்னாரு. பச்சைமால் கீழருந்து, 'விடுங்க சார், வேண்டாம் சார்'ங்கிறான். சார் விடல. 'அன்னைக்குப் பிடிபட்டதும் இவன் என் மேசையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாம்ப்பா. எம் பேருக்கு நேரா ஆப்சென்ட் போட்டுக்கிடுங்க சார், அவனுக்கு ப்ரெசென்ட் போடுங்க, அவனுக்கு ஒரே ஒரு நாள்தான் சார் குறையுது, எனக்கு நிறைய இருக்குன்னான். கூட்டத்தோட இருந்தா கண்டுபிடிச்சிருக்க மாட்டீங்க சார், ஒருத்தருமே வரலைன்னு உள்ள வந்தப்புறம்தான் தெரிஞ்சுது, ஆனாலும் சொல்லிப் பாத்தேன் சார்னான். நான் சட்டம் பேசினேன். அவனுக்குச் சொல்லிராதீங்க சார், தன்னாலதான் எனக்கும் போச்சுன்னு நெனச்சு நொந்து போயிருவான்னு வேற கேட்டுக்கிட்டான்.' இவ்வளவும் அத்தனை பேரு முன்னால.

இப்பச் சொல்லுங்க. எல்லாரும் யாரைப் பாத்திருப்பாங்க? என்னைத்தான். என் தோளைத் தொட்டுப் பாத்தவன்கூட என்னைத்தான் பாக்குறான்.

இல்ல அண்ணாச்சி, நீங்களும் அவங்களை மாதிரியே பாக்காதீங்க. கொஞ்சம் யோசிங்க. சொல்றதுக்கு அவனுக்கு வாய் இல்லையா? ஒரு வருஷம் எனக்கு முன்னால உக்காந்து எழுதினான். சொல்லல. மில்லு வாசல்ல நின்னு என்னைப் பாத்தான். சொல்லல. வேலையைக் கெடுத்தது நான்தான்னு தெரிஞ்சும் சொல்லல. இத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வச்சிருந்து, நான் சபையில வாயைத் திறந்த அன்னைக்குப் பாத்து, கெழவரு வாயால சொல்ல வச்சு, என்னை ஒண்ணுமில்லாம ஆக்கிட்டான். வஞ்சம்னா இதுதான் வஞ்சம். நான் செஞ்சதெல்லாம் ஒரு வஞ்சமா? குப்பைத் தொட்டியில பாட்டிலைப் போட்டதும் ஜி.எம்.கிட்ட ரெண்டு வார்த்தை சொன்னதும் இதுக்கு முன்னால எந்த மூலைக்கு?

நான் பேச விட்டேனான்னு கேக்குறீங்க. நான் ஏன் விடணும்?

மைக்கை மேசையில வச்சுட்டு இறங்கி வந்துட்டேன். சாப்பாடு கூடச் சாப்பிடல. பின்னாலயே ஓடி வாறான், செருப்பு எங்கயோ கெடக்கு, அம்பதைத் தொடப்போற மனுசன் வெறுங்கால்ல தார் ரோட்டுல. 'லேய் மக்கா, சாப்பிட்டுட்டுப் போலே. சுகர் இருக்குன்னு குரூப்புல போட்டிருந்தியே, மாத்திரை போட்டியாலே'ங்கிறான். நான் திரும்பல. வந்த முதல் பஸ்ஸுல ஏறிட்டேன், உங்க பக்கத்துல எடம் இருந்துது. ஜன்னல் வழியாக்கூடப் பாக்கல. ஒரு காலைத் தூக்கித் தூக்கி வச்சுக்கிட்டு நின்னான், தார் சுட்டிருக்கும்.

அந்தா, மறுபடியும். எங்க மயங்கி விழுந்து கெடக்கேனோன்னு நெனச்சுக்கிட்டு அடிச்சுக்கிட்டேதான் இருப்பான். எனக்கு அவனைத் தெரியும், விடமாட்டான். அங்க எல்லாரும் சாப்பிட்டு முடிச்சிருப்பாங்க. இவன் சாப்பிட்டிருக்க மாட்டான்.

நான் எடுக்க மாட்டேன் அண்ணாச்சி. இவ்வளவு வருஷம் பேசாம இருந்துட்டு இன்னைக்கு எடுத்து ஹலோன்னா, அவன் ஜெயிச்ச மாதிரி ஆயிரும்.

எனக்கு ஒரு உதவி செய்யணும். நீங்க எடுங்க. நீங்க யாருன்னு சொல்ல வேண்டாம், நான் பேசுற மாதிரியே பேசிருங்க. பஸ்ஸுல ஏறிட்டேன், மாத்திரை போட்டுட்டேன், நீ போயிச் சாப்பிடுன்னு சொல்லுங்க. அது போதும், அதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம். குரல் ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. கொஞ்சம் மூக்கால, மெல்லிசாப் பேசுங்க. அவன் நம்பிருவான்.